பல் வைத்த ஷூவும் பட்டாசு ஆலை வாசலும்

பெட்டியைப் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்களைக் கண்டால் எங்கள் ஊரில் சிரிப்போம். அந்தப் பெட்டியை அச்சடித்துக் கொடுப்பதே நாங்கள்தானே. படத்தில் பூப்பூவாகச் சொரிவதற்கும், உள்ளே இருப்பதை மூன்று தடவை பற்றவைக்க வேண்டியிருப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது சிவகாசியில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அண்ணனின் அச்சகத்திலேயே வருஷக்கணக்கில் பட்டாசு லேபிளுக்கு டிசைன் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியைப் பார்த்து மயங்கி உள்ளே இருந்த ஷூவை வாங்கியவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் மழை, மண், முள் என்று ஆளாளுக்குப் பழி போடலாம். மூலகாரணம் அந்தப் பெட்டிதான்.

மதுரையில் ஒரு கடை. மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனேன். அலமாரியின் மேல்தட்டில் அது இருந்தது. மங்கலான கறுப்பு லேமினேஷன். அதன்மேல் ஒரு மலை, மலைக்கு மட்டும் பளபளப்பு. விரலால் தடவினால் மலை கையில் தட்டுப்பட்டது. நாலு கலர் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததில் ஒரு மயிரிழைகூட விலகல் இல்லை. (எங்கள் மிஷின்மேன் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.) நான் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றதைப் பார்த்த கடைக்காரப் பையன், ஷூவின்மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டான்.

"மேடம், இது ட்ரெயில் ரன்னிங் ஷூ. மலை, காடு, மேடு பள்ளம் எல்லாத்துலயும் ஓடலாம்" என்று திருப்பிக் காட்டினான். அடியில் வரிசை வரிசையாகப் பற்கள். எந்த மண்ணையும் கவ்விப் பிடிக்குமாம். மேலே வலைத்துணி, தண்ணீர் புகுந்தாலும் உடனே வடிந்துவிடுமாம். அடிப்பாகம் அவ்வளவு கனம், முள் ஏறவே ஏறாதாம். நாடாவில் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஒரு இழுப்பு, ஒரு பிளாஸ்டிக் பூட்டு, அவ்வளவுதான், தானாகக் கழன்று போகாதாம். ஆரஞ்சும் கிளிப்பச்சையும் கலந்த நிறம். எனக்குத் தெரிந்த ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி போலவே இருந்தது. வாங்கிவிட்டேன். மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது ஷூவா, டிராக்டர் டயரா?" என்றார். அவருக்கு அச்சு நுணுக்கம் தெரியாது.

ஷூ வந்துவிட்டது, கரடுமுரடான நிலத்துக்கு எங்கே போவது என்பதுதான் பிரச்சினையானது. காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் கூட்டமாக நடப்போம். மைதானம் வழுவழுவென்று இருந்தது. பற்கள் கவ்வுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. மூன்று வாரம் அதைப் போட்டுக்கொண்டு வட்டமடித்ததில் எனக்கு ஒரு ஏக்கமே வந்துவிட்டது. ஜல்லி குவித்திருந்தால் அதன்மேல் ஏறி இறங்குவேன். புதிதாகத் தோண்டிய சாக்கடைப் பள்ளத்தை வேண்டுமென்றே தாண்டுவேன். இதற்கெல்லாமா இப்படி ஒரு ஷூவைச் செய்தார்கள் என்று மனசு ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கிட்னியில் கல் வந்தது.

அச்சகத்தில் நான் டிசைன், அண்ணன் ஃபீல்டு. அதாவது ஆலை ஆலையாகப் போய் லேபிள் ஆர்டர் பிடிப்பதும், ப்ரூஃப் என்கிற மாதிரித் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதும் அவர் வேலை. எனக்கும் வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. என் டிசைனைப் பற்றி யாரோ எங்கேயோ சொல்கிற குறையை அண்ணன் வாயால் அரைகுறையாகக் கேட்டுத் திருத்திக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துப்போயிருந்தது. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "ஒனக்கு எதுக்கு பாப்பா அந்த வெயில்லயும் புழுதியிலயும் அலைச்சல்? ஏசியில ஒக்காந்து படம் போடு." எனக்கு அப்போது வயது முப்பத்தாறு. இன்னும் பாப்பாதான்.

எங்களுக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் ஆனைக்குட்டம் பக்கம் ஆலை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. ப்ரூஃபை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் பார்க்க மாட்டார். அச்சகத்து ஆள் எதிரே நிற்க வேண்டும், வெயிலில் பிடித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. அந்த ஆவணி மாதத்தில் அவருடைய ராக்கெட் பெட்டிக்கான ப்ரூஃப் தயாராக இருந்தது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவர் மதுரைக்குக் கிளம்பி, விமானம் ஏறி வடக்கே வியாபாரிகளைப் பார்க்கப் போகிறார். திரும்பி வரப் பத்து நாள். சீசனில் பத்து நாள் மிஷினைச் சும்மா போட முடியாது, அவரும் காத்திருக்க மாட்டார், வேறு அச்சகத்துக்குப் போய்விடுவார்.

அண்ணன் கட்டிலில் சுருண்டு கிடந்தார். மதினி பார்லித் தண்ணீரோடு நின்றார். வேறு வழியில்லாமல் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீயே போயிட்டு வந்துரு பாப்பா. பதினோரு மணிக்குள்ள கையெழுத்து வாங்கிரணும். வாங்காம வந்தேன்னா இனிமே ஃபீல்டு கீல்டுன்னு பேசப்படாது."

"வாங்கிட்டு வந்தா?"

"வாங்கிட்டு வா, பாப்போம். அப்புறம், அங்கன வாசல்ல..." என்று ஏதோ சொல்ல வந்தவர், "யம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்று கேட்க நான் நிற்கவில்லை. என் மனசு முழுக்க வேறு ஒன்று இருந்தது. முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. ஆனைக்குட்டம் பக்கம் மண்ரோடு. கடைசியில் என் ஷூவுக்கு ஒரு நிலம் கிடைத்துவிட்டது.

சுடிதாருக்குக் கீழே அந்த ஆரஞ்சு கிளிப்பச்சையை மாட்டி, ஒரு இழுப்பு, பூட்டு, ப்ரூஃபைப் பாலித்தீன் கவரில் போட்டு, ஒன்பதரைக்கெல்லாம் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன்.

தார்ரோடு முடிந்து மண்ரோட்டில் திரும்பியதும் ஒரு லாரி நின்றது. அட்டைப்பெட்டி லோடு. பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கி, ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஸ்கூட்டர் போகக்கூட இடமில்லை. டிரைவர் இடுப்பில் கைவைத்து டயர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"டிராக்டருக்குச் சொல்லியிருக்கு, வரப் பன்னெண்டாகும். மதுரப் பக்கத்து ரோட்டுல சுத்தி வந்தா ஒண்ணர மணி நேரமாகும்" என்றார். "ஆலைக்கா போறீக? இங்கிட்டு ஓடைய ஒட்டி ஒத்தையடிப் பாத போகுது, ஒரு கிலோமீட்டரு கூட வராது. ஆனா கரிசலு ஊறிக் கெடக்கு. அதக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் அவரை இரக்கத்தோடு பார்த்தேன். "பரவால்லண்ணே. இது அதுக்குன்னே உள்ள ஷூ."

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். தூரத்தில் ஆலையின் அறைகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டத் தள்ளி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. மணி ஒன்பது ஐம்பது. கைக்கெட்டும் தூரம்.

ஷூவுக்கு அநியாயம் செய்யக்கூடாது. முதல் இருபது அடி சரளை மண், அதில் அது உண்மையிலேயே அற்புதமாக நடந்துகொண்டது. ஓடைச் சரிவில் இறங்கினேன், வழுக்கவே இல்லை. தண்ணீரில் காலை வைத்தேன், உள்ளே வந்த தண்ணீர் வலை வழியாக அப்படியே வடிந்து போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கடைக்காரப் பையனை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தபடி கரிசலில் காலை வைத்தேன்.

மழை குடித்த கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சேறு அல்ல, பசை. முதல் அடியில் பற்கள் மண்ணைக் கவ்வின. சொன்னது போலவே கவ்வின. இரண்டாவது அடியில் கவ்விய மண் இன்னும் கொஞ்சம் மண்ணைக் கவ்வியது. பத்தாவது அடியில் நான் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தேன். முப்பதாவது அடியில் வீட்டுக்காரரை விட உயரம். ஒவ்வொரு காலிலும் ஒரு ஆட்டுக்கல்லைக் கட்டிவிட்டது போல இருந்தது. எந்த மண்ணையும் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது, பிடித்ததை விடும் என்று எங்கேயும் போடவில்லை. தண்ணீர் வடிகிற வலை வழியாகச் சேறும் உள்ளே வந்தது. வந்தது, திரும்பிப் போகவில்லை.

நடுக்காட்டில் நின்றுவிட்டேன். இடது காலை இழுத்தால் வலது கால் இறங்கியது. வலது காலை இழுத்தால் நானே இறங்கினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தோளில் சாப்பாட்டுப் பை, கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வெறுங்காலோடு ரோட்டில் நடப்பது போல நடந்து வந்தாள். அவள் பெயர் முத்துமாரி என்று அப்புறம் தெரிந்தது, அந்த ஆலையில்தான் வேலை.

"என்னக்கா, இங்கன நின்னுட்டீக?"

"ஆலைக்குத்தான். அச்சாபீஸ்ல இருந்து வாரேன்."

அவள் என் கால்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அது என்னதுக்கா?"

"ஷூ. காடு மேட்டுல ஓடுறதுக்குன்னே உள்ளது."

"ஓடுறதுக்கா? அப்பறம் ஏன் நிக்கிறீக?"

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தாலும் பாவமாகவும் இருந்திருக்க வேண்டும். "இப்பயே கழட்டிருங்க. காஞ்சுச்சுன்னா வம்பாப் போகும். கரிசலுக்கு வெறுங்காலுதான் சரி" என்றாள்.

கழற்றியிருக்கலாம். புத்தியுள்ள யாரும் கழற்றியிருப்பார்கள். ஆனால் வாங்கி மூன்று வாரம் ஏங்கிக் கிடந்து, முதல் நாளே ஒரு ரப்பர் செருப்பிடம் தோற்பதா? "இல்ல, நீங்க போங்க, நான் வந்துருவேன்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு முன்னால் போய்விட்டாள். அவள் உருவம் சின்னதாகிக்கொண்டே போவதைச் சேற்றில் நின்றபடி பார்த்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. (அன்றைக்கு எனக்கு வந்த யோசனைகளில் ஒன்றுகூட உருப்படியில்லை.) இடப்பக்கம் கண்மாய்க் கரை போல ஒரு மேடு, காய்ந்து கெட்டியாக இருந்தது. அதன்மேல் ஏறி நடந்தால் சேறு இல்லை. ஏறினேன். காய்ந்திருந்ததற்குக் காரணம், மேடு முழுக்க சீமைக் கருவேலம். அடியில் அதன் முள் விரித்துக் கிடந்தது. இருக்கட்டுமே, நம் ஷூவில்தான் முள் ஏறாதே என்று தைரியமாக நடந்தேன்.

முள் ஏறவில்லைதான், அதாவது உடனே ஏறவில்லை. வலது ஷூவின் கனமான அடியில் பாதி நுழைந்து, உடைந்து, அங்கேயே தங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ரப்பர் செருப்பாக இருந்தால் ஏறியவுடன் "ஆ" என்று உட்கார்ந்து பிடுங்கிப் போட்டிருக்கலாம். இது ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது. ஆலையின் சுற்றுச்சுவரை நான் தொட்டபோது அது என் பாதத்தைத் தொட்டது.

கடைசி ஐம்பது அடி ஜல்லிரோடு. ஷூவில் ஒட்டியிருந்த கரிசல் பாதி காய்ந்து பிசுபிசுவென்று இருந்ததா, அந்த ஜல்லியை எல்லாம் அள்ளி அள்ளி ஒட்டிக்கொண்டது. மணி பத்தரை. நொண்டிக்கொண்டு, முழங்கால் வரை கறுப்பாக, ஆனால் ப்ரூஃப் கவரை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

வாட்ச்மேன் பாண்டி மரியாதையானவர். "வாங்கம்மா, அச்சாபீஸுதான? அண்ணாச்சி ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக" என்று கதவைத் திறந்தார். திறந்தவர் கீழே பார்த்தார்.

"நில்லுங்க! அங்கனயே நில்லுங்க! ஒரு எட்டு வைக்கப்படாது!"

வாசலுக்கு வெளியே ஒரு நீளமான மரத்தட்டு. அதில் வரிசையாக நூற்றுக்கணக்கான ரப்பர் செருப்புகள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. அண்ணன் "அங்கன வாசல்ல" என்று சொல்ல வந்தது இதுதான். பட்டாசு ஆலைக்குள் யாரும் காலில் ஒன்றும் போட்டுப் போவதில்லை. வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஒரு கல் உரசினால் போதும். முதலாளியானாலும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நடப்பார். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரே நாளில் போனார்கள். தெரியாதவளாக இருந்தால் மன்னிப்பு உண்டு. தெரிந்தும், மண்ணையும் கல்லையும் விடாமல் பிடிப்பதற்கென்றே செய்த ஒன்றைக் காலில் மாட்டி, வழியில் இருந்த ஜல்லியை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். உடம்பெல்லாம் கூசிப்போனது.

"மன்னிச்சிருங்கண்ணே, இந்தா கழட்டிர்றேன்" என்று அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன்.

பூட்டு திறக்கவில்லை. அந்தச் சின்ன பிளாஸ்டிக் பூட்டுக்குள் கரிசல் புகுந்து காய்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. தானாகக் கழன்று போகாது என்று பையன் சொன்னது சத்தியமான வார்த்தை. சரி, அப்படியே இழுத்துவிடுவோம் என்று வலது ஷூவைப் பிடித்து இழுத்தேன். முள் பாதத்தில் ஏறியது. நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. ஷூவையும் என்னையும் அந்த முள் சேர்த்துத் தைத்திருந்தது.

மணி பத்து நாற்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்து போச்சு, மிஷின் நிற்கப் போகிறது, இனிமேல் ஆயுசுக்கும் ஏசியில் உட்கார்ந்து படம் போட வேண்டியதுதான்.

மழை ஈரம் காயட்டும் என்று அன்றைக்கு இன்னும் வேலை தொடங்கவில்லை. முத்துமாரி வாசலுக்கு வெளியே குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் சேலைத் தலைப்பை வைத்து முதலில் ஒரு மூச்சு சிரித்தாள். அப்புறம் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "காலக் குடுங்க" என்றாள்.

"வேணாம்மா, சேறு."

"சேத்துல நடந்தா சேறுதான இருக்கும். குடுங்கக்கா." என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "ஆத்தீ! எம்புட்டுக் கல்லு! இதோட உள்ள வந்திருந்தீகன்னா ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, ஆபீஸ்ல ஒக்காந்து டீ குடிச்சிட்டுப் போயிருவீக. ரூமுக்குள்ள நாங்கள்ல இருக்கோம்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

பிறகு பாண்டியைப் பார்த்து, "அண்ணே, அந்தக் கருக்கருவாள எடுங்க" என்றாள். வேலியோரம் புல்லறுக்கிற அரிவாள் வெளியே மரத்தில் தொங்கியது. அவர் அதைக் கொண்டுவந்து இடது ஷூவின் நாடாவை அறுத்தார். அது காலுறையோடு சேர்ந்து வந்தது. வலதுக்கு மாறினார்கள். நான் மல்லாந்து விழுந்து, ப்ரூஃப் கவரை நெஞ்சின்மேல் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தேன். முத்துமாரி என் காலை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாண்டி அரிவாளை ஓங்கவில்லை, வெளிச்சத்தில் கூர் பார்ப்பதற்காகக் கொஞ்சம் உயர்த்தினார், அவ்வளவுதான்.

சரியாக அந்த நிமிஷம் அண்ணாச்சி வெளியே வந்தார்.

அவர் என்ன பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தன் ஆலை வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண் தரையில் கிடந்து அலறுகிறாள். ஒருத்தி காலை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். வாட்ச்மேன் கையில் அரிவாள்.

"ஏலே பாண்டி! அருவாளக் கீழ போடுலே!"

பாண்டி போட்டுவிட்டார். என் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அண்ணாச்சி பயணப் பெட்டியைக் கார் டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். யார், என்ன, எதற்கு என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அவர் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்தார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. படுத்த வாக்கிலேயே கவரை மேலே நீட்டினேன்.

"அண்ணாச்சி, ப்ரூஃப்."

அவர் வாங்கினார். பழக்க தோஷம், வெயிலில் பிடித்தார். முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார். நான் தரையில் கிடப்பதையே மறந்துவிட்டார். "செவப்பு போன வருசத்த விட ஒரு பொட்டு தூக்கலாத் தெரியுதே?"

அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை யாரோ கேட்டுவிட்டார்கள். "வேணும்னுதான் கூட்டியிருக்கேன் அண்ணாச்சி. போன வருசம் லேமினேஷன் போட்டதும் செவப்பு மங்கிப்போச்சு, அது எங்க தப்பு. இந்த வருசம் மேல லேமினேஷன் ஏறுனதும் சரியா நீங்க கேட்ட செவப்புக்கு எறங்கி... ஆஆஆ!"

முத்துமாரி கீழே கிடந்த அரிவாளை எடுத்து நாடாவை அறுத்து, ஷூவை உருவிவிட்டாள். பேச்சு கொடுக்கிற நேரம் பார்த்து உருவியதாகப் பிறகு சொன்னாள்.

அண்ணாச்சி தட்டிலிருந்து தன் ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போய், கார் பானெட்டின்மேல் ப்ரூஃபை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மணி பத்து ஐம்பத்தைந்து. பிறகு திரும்பி வந்து, அந்த வலது ஷூவை இரண்டு விரலால் தூக்கி, கல்தூணில் ஒரு தட்டுத் தட்டினார். ஜல்லி பொலபொலவென்று கொட்டியது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. செல்போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"ரத்தினம், நான்தான் பேசுறேன். கையெழுத்துப் போட்டுட்டேன். ஒந்தங்கச்சி வெவரமான பிள்ளையா இருக்கு. இனிமே அதையே அனுப்பு. ஷூவ அனுப்பாத."

காரில் ஏறப் போனவர் என்னைப் பார்த்து, "தாயி, வாசல்ல மாட்டுறதுக்கு ஒரு போர்டு போட்டுக் குடு. இந்த ஷூவப் படமாப் போட்டு, குறுக்க செவப்புல ஒரு கோடு இழுத்துரு. எழுதி வச்சா எவன் வாசிக்கான்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது செத்துப்போன ஷூ இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அதே கரிசலில் வெறுங்காலோடு நடந்தேன். வலது பாதம் நொந்தது. ஆனால் மண் ஜில்லென்று இருந்தது, ஒவ்வொரு அடியும் வழுக்காமல், ஒட்டாமல் எழும்பியது. கால் மணி நேரத்தில் லாரிக்கு வந்துவிட்டேன். டிரைவர் என் கையையும் காலையும் பார்த்தார். பெரிய மனுஷன், ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் அப்படி யாரும் பெரிய மனுஷர்கள் இல்லை. "அன்னைக்கு அண்ணனுக்குக் கிட்னியில கல்லு, தங்கச்சிக்கு ஷூவுல கல்லு. ரெண்டையும் எடுத்துட்டுத்தான் இந்த வீட்டுல சோறு பொங்குனேன்" என்று மதினி தொடங்குவார். உடனே அண்ணன், "நான்தான் சொல்ல வந்தேன்ல, அதுக்குள்ள இவ ஓடிட்டா" என்பார். இது ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத்தட்டு வருகிறதோ இல்லையோ, வந்துவிடும்.

போர்டை நானே செய்தேன். என் வலது ஷூவைத் தூசி தட்டி, வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து, பல் பல்லாகத் தெரிகிற மாதிரி, குறுக்கே நல்ல சிவப்பில் ஒரு கோடு. ரொம்ப நன்றாக வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. பக்கத்து ஆலைக்காரர்கள் பார்த்துவிட்டு எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். இன்றுவரை நான் போட்ட டிசைன்களிலேயே அதிகமாக மறு அச்சுக்குப் போனது அதுதான். "பாப்பா, ஷூ ரீபிரிண்ட்டு!" என்று அண்ணன் மாடிப்படியிலிருந்து கத்தும்போது மிஷின்மேன் வரைக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். ஃபீல்டு என் கைக்கு வந்துவிட்டது, அண்ணன் வார்த்தை மாறவில்லை. ஆனால் எந்த ஆலைக்குப் போனாலும் வாசலில் என்னை முதலில் வரவேற்பது சிவப்புக் கோடு போட்ட என் ஷூதான். முத்துமாரி அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறாளாம்.

போன மாதம் ஒரு புது ஆலைக்கு முதன்முறையாகப் போனேன். தார்ரோட்டிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு வந்ததைப் பார்த்து வாட்ச்மேனுக்கு ரொம்ப மகிழ்ச்சி.

"வெவரந் தெரிஞ்சவுக, சரியா வந்துட்டீக" என்றவர், போர்டைக் கைகாட்டினார். "அங்கன ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பொம்பள இதே மாதிரி ஷூவப் போட்டுக்கிட்டு உள்ள நொழையப் பாத்துச்சாம். கழட்ட முடியலயாம். காலோட சேத்து அறுத்துத்தான் எடுத்தாகளாம். அதுக்குப் பெறகுதான் இந்தப் போர்டே வந்துச்சு."

"ஐயோ பாவம்" என்றேன். "ரெண்டு காலுமாண்ணே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல, ஒண்ணுதான்னு சொல்றாக."

அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. செருப்பைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு காலாலும் நடந்து உள்ளே போனேன்.